உயிர் பிழைத்தால் போதுமா?

மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர். வயது ஐம்பதிருக்கும். அதிகாலையில் வேலைக்குப் புறப்பட எழுந்தவர் எழுந்த இடத்திலேயே சாய்கிறார். வாய் ஒரு பக்கம் கோணுகிறது. வலது கையும் காலும் துவண்டு விழுகின்றன. பேச்சு குழறுகிறது. அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். டாக்டர்களும் நர்சுகளும் பாடுபட்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள். பத்தாம் நாள், “இனி ஆபத்தில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். தினமும் பயிற்சி கொடுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

எந்த வீட்டுக்கு? எட்டடிக்குப் பத்தடி அறை, கழிப்பிடமோ தெருக்கோடியில். எந்தப் பயிற்சி? யார் கொடுப்பது? மனைவி வேலைக்குப் போனால் பயிற்சி கொடுக்க ஆளில்லை. போகாவிட்டால் அடுப்பெரிய வழியில்லை!

பக்கவாதம் புகுந்த ஏழைக் குடும்பங்களில் இதுதான் நிலைமை. உயிரைக் காப்பாற்றியதோடு தன் கடமை தீர்ந்தது என்று சர்க்கார் ஒதுங்கிக்கொள்கிறது. ஆள் விழுந்த அன்றே முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறான். நாம் கேட்கிறோம்: உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா? பிழைத்த உயிருக்கு ஒரு பிழைப்பு வேண்டாமா?

விதி அல்ல, வியாதி

“பாரிசவாயு வந்துவிட்டது, இனி அவ்வளவுதான்” என்று நம் ஜனங்கள் மனம் ஒடிந்துபோகிறார்கள். இது தவறு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வரும் வியாதி இது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே, முதல் நாளில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது மிக மிக அவசியம்.

ஆனால், அந்த ஓட்டம் பாதிதான். மடிந்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. எனினும், மடியாமல் மிஞ்சிய பகுதிகள் புது வழி கண்டு, இழந்த வேலையில் ஒரு பங்கையாவது ஏற்றுக்கொள்ளக் கற்கின்றன. எப்படிக் கற்கின்றன? குழந்தை நடை பழகுவது போல, திரும்பத் திரும்பச் செய்வதால்தான். டம்ளரைப் பிடிப்பதை நூறு முறை, ஆயிரம் முறை பழக வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் தலையில் குண்டடிபட்ட செஞ்சேனை வீரர்களிடையே பணியாற்றிய சோவியத் விஞ்ஞானி லூரியா, மூளை இழந்த வேலையை வேறு வழியில் அமைத்துக்கொள்ள முடியும் என்பதை விளக்கிக் காட்டினார்.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகு கதவு அடைத்துவிடும் என்பது பொய். தாக்குதல் நடந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆன 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2006-ல் வெளியாயிற்று. கையில் ஓரளவு அசைவு மிஞ்சியிருந்தவர்கள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல கையை உறையிட்டுத் தடுத்து, பலவீனமான கைக்கு இரண்டு வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய கை நன்றாக வேலை செய்தது!

வீட்டின் தலையில் கட்டுவதா?

“அப்படியானால் வீட்டாரே பயிற்சி கொடுக்கலாமே, இதற்குச் சர்க்கார் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை காணும் ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து, வீட்டில் அவர்களையே கொடுக்கச் செய்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2017-ல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மரணத்திலோ, பிறரை அண்டி வாழும் நிலையிலோ இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை!

குடும்பத்தாரின் அன்பில் குறையென்று இதற்குப் பொருளில்லை. தேர்ந்தவர்கள் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலையை, சில மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் குடும்பத்தின் தலையில் கட்டினால் பலிக்காது என்பதே இதன் பாடம்.

தெரியாமல் செய்வதில் ஆபத்தும் உண்டு. துவண்ட கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். விழுங்கத் திணறுகிறவருக்குத் தண்ணீர் புகட்டினால், அது நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சலாகி உயிரைக் குடிக்கும். புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். பேச்சு போனவருக்குப் புத்தியும் போய்விட்டதென்று நினைத்து, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்! பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். வழிகாட்ட ஆளில்லாத இடத்தில்தான் புறா ரத்தம் தடவச் சொல்கிறவன் நுழைந்து பணம் பறிக்கிறான். ஏமாந்த ஏழையைப் பார்த்துச் சிரிப்பதில் பயனில்லை. அவனுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

லெனின் கற்ற பாடம்

உலகப் புரட்சித் தலைவர் லெனினையும் இந்த வியாதி விட்டுவைக்கவில்லை. 1922 மே மாதம் முதல் தாக்குதல். 1923 மார்ச் மாதத் தாக்குதலில் வலது பக்கம் செயலற்றுப் போயிற்று, பேச்சும் போயிற்று. எத்தனையோ கூட்டங்களில் முழங்கிய நாவு அது! மாஸ்கோவை அடுத்த கோர்க்கி கிராமத்தில் அவர் மீண்டும் பாலபாடம் தொடங்கினார். துணைவியார் குரூப்ஸ்காயா ஆசிரியையாக அருகில் அமர்ந்து சொற்களைப் பழக்கினார். லெனின் இடது கையால் எழுதக் கற்றார். கைத்தடி ஊன்றி நடக்கக் கற்றார். அக்டோபரில் ஒருமுறை மாஸ்கோ போய் வரும் அளவுக்குத் தேறினார். 1924 ஜனவரி 21-ல் மறைந்தார். முழு வெற்றி கிட்டவில்லை என்பது உண்மையே. ஆனால், அந்த மாதங்களில் அவர் திரும்பப் பெற்றது கொஞ்சமல்ல.

அவருக்கு டாக்டர்கள் இருந்தார்கள், நர்சுகள் இருந்தார்கள், கல்விப் பணியிலேயே வாழ்நாளைச் செலவிட்ட துணைவியார் இருந்தார். நம் மூட்டைத் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டம் யார் பக்கம்?

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு நல்ல விதியைச் சொல்கிறது. பணியில் இருக்கும்போது ஊனமுற்ற ஊழியரைச் சர்க்கார் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கக்கூடாது, பதவியைத் தாழ்த்தக்கூடாது, பழைய வேலை செய்ய முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். வரவேற்கிறோம். ஆனால், இது சர்க்கார் நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. தனியார் மில்லிலும் கட்டடத்திலும் கடையிலும் உழைக்கிறவன் மனிதனில்லையா?

ஈ.எஸ்.ஐ. திட்டத்திலும் வழி உண்டு. ஒரு பக்கம் செயலிழந்த தொழிலாளி, சந்தா நிபந்தனைகளைப் பூர்த்தி செய்திருந்தால், நீடித்த நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டு வருஷம் வரை பெற முடியும். இதைத் தெரிந்து கேட்பவர் எத்தனை பேர்? ஈ.எஸ்.ஐ. அட்டையே இல்லாத விவசாயத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் எங்கே போவார்கள்?

தமிழ்நாடு சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. சரியான திசையில் வைத்த அடி அது; மறுக்க மாட்டோம். ஆனால், ஒரு வட்டாரம் என்றால் டஜன் கணக்கில் கிராமங்கள். ஒன்றிரண்டு பேர் எத்தனை வீட்டுப் படி ஏறுவார்கள்? மாதத்துக்கு ஒரு தரம் வந்து போவதால் கை நிமிராது. தினப்பயிற்சிதான் கையை நிமிர்த்தும்.

நாம் கோருவது

ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் நடை, கை, பேச்சு ஆகிய மூன்றுக்கும் பயிற்சிப் பிரிவு வேண்டும். அங்கே போய்வர இலவச வண்டி வேண்டும். வீடு தேடி வரும் ஊழியர்களின் தொகையைப் பன்மடங்கு பெருக்கி, அவர்களை நிரந்தரமாக்கி, நியாயமான சம்பளம் தர வேண்டும். வேலைப் பாதுகாப்பு விதியைத் தனியார் துறைக்கும் நீட்ட வேண்டும். கூலியை விட்டு வீட்டில் உட்கார்ந்து நோயாளியைத் தாங்கும் மனைவிக்கும் மகளுக்கும் மாதப்படி கொடுக்க வேண்டும். அவர்கள் செய்வதும் உழைப்புதான். அதைப் பாசம் என்று பெயரிட்டுக் கூலியில்லாமல் வாங்குவது சுரண்டலே!

“பணத்துக்கு எங்கே போவது?” என்பார்கள். முதலாளிகளுக்கு வரிச்சலுகை கொடுக்கும்போது இந்தக் கேள்வி எழுவதில்லையே!

கோரிக்கை நிறைவேறும் வரை நாம் கைகட்டி நிற்கக்கூடாது. ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினரில் இப்படி விழுந்தவர் யார் யார் என்று கணக்கெடுக்கட்டும். ஈ.எஸ்.ஐ. மனுவை எழுதிக் கொடுக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது தாக்குதலைத் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பேச்சுக் குழறும் தோழரிடம் நாள்தோறும் ஒருவர் போய் உட்கார்ந்து, பத்திரிகை படித்துக் காட்டி, அவர் ஒரு வார்த்தை சொல்லும் வரை பொறுமையாகக் காத்திருக்கட்டும். சங்க ஆபீஸ் வரை அவர் தடி ஊன்றி நடந்து வரும் நாளை எல்லோரும் சேர்ந்து கொண்டாடட்டும்.

மூட்டை சுமந்து ஊருக்குச் சோறு போட்ட தோள் அது. அது துவண்டு கிடக்கும்போது தாங்குவது தருமம் அல்ல. ஊர் பட்ட கடன். கடனை வசூலிக்க ஒன்றுபடுவோம்!