ஓலை வாசிப்பதற்கு முன்

காஞ்சிபுரத்துத் தறிகளில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடக மாநிலத்திலிருந்து வருவது என்பதை நம் நெசவாளர் குடும்பங்கள் அறியும். அந்நூலைத் தரும் புழு பெரும்பாலும் கலப்பினப் புழு என்பதைப் பலர் அறியார். மைசூர் இனத்துப் பெண் அந்துப்பூச்சியை வேறோர் இனத்து ஆணுடன் சேர்த்து, அதனால் கிடைக்கும் முட்டைகளையே நெடுங்காலமாக உழவர்களுக்கு வழங்கி வருகின்றனர். டோயாமா கமேட்டாரோ என்ற ஜப்பானிய அறிஞர், இரு வேறு இனங்களுக்குப் பிறக்கும் முதல் தலைமுறைப் புழு பெற்றோரினும் வலியது என்று 1906-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல் 1865-இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்டறிந்த விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று காட்டியவரும் அவரே. ஒரே வயிற்றுப் புழுக்களைத் தலைமுறைதோறும் தமக்குள்ளேயே சேர்த்தால், கூடு சிறுத்து வலிமை குன்றும்.

மனிதரைப் புழுவோடு ஒப்பிடலாமா என்று வாசகர்கள் சினங்கொள்ள வேண்டாம். ஒப்பிடலாகாதுதான். பரம்பரைக் குறையைக் காரணங்காட்டி, இன்னார் மணம் புரியலாகாது என்று அரசுகள் தடை விதிப்பதைப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1930-ஆம் ஆண்டிலேயே தமது சுற்றுமடலில் கண்டித்தார். சட்டத்தின் தடியை நான் வேண்டவில்லை. ஆயினும் அறிந்து முடிவு செய்வதற்கும் அறியாமல் முடிவு செய்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் 100 பேரில் 28 பேர் உறவினரையே மணந்தவர்கள். நாடு முழுவதற்கும் இத்தொகை 11. நம் பங்குகளும் இதற்கு விலக்கல்ல. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பக்கவழி இரத்த உறவில் நான்காம் படி வரை மணத்தடை வைத்துள்ளது. தாய்மாமனும் அக்காள் மகளும் மூன்றாம் படி. அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் படி. இவ்விரண்டிலும் ஆயர் விலக்கு அளிக்கலாம். ஆனால் அவ்விலக்குக்கு மனு எழுதப்படும் வேளையில், பெரும்பாலும் அழைப்பிதழ் அச்சாகி, முகூர்த்தப் புடவைக்கு முன்பணமும் கொடுத்தாகிவிடுகிறது! அந்நேரத்தில் பங்குத்தந்தை எதை எடுத்துச் சொன்னாலும் யார் செவியில் ஏறும்?

மரபியல் அறிஞர் சொல்வது எளிய கணக்கே. நம் ஒவ்வொருவரிடமும் தீங்கு செய்யவல்ல மரபணுக்கள் சில உறங்கிக் கிடக்கின்றன. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து அதே வகையில் ஒன்று என இரண்டும் ஒரு குழந்தையிடம் கூடினாலன்றி நோய் வெளிப்படாது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, 100 பேரில் ஒருவர் இத்தகைய மரபணு ஒன்றைச் சுமப்பதாகக் கொள்வோம். உறவல்லாத இருவர் மணந்தால், நோயுற்ற குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40,000-இல் ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் அது ஏறக்குறைய 3,200-இல் ஒன்று. தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால் 1,600-இல் ஒன்று. இது ஒரு நோய்க்கான கணக்கு. இத்தகைய நோய்களோ பல. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்குங்கால், பிறவிக் கோளாறு பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு நேர்கிறது. அத்தை, மாமன் மக்கள் மணந்த குடும்பங்களில் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. அவ்வாறாயினும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. எனவேதான், "எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாய்ச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அது சான்றும் ஆகாது.

இதில் என்னை வருத்துவது வேறொன்று. காது கேளாத குழந்தை பிறந்துவிட்டால், பழி முழுவதும் தாயின் தலையில் விழுகிறது. கிரகண நாளில் வெளியே வந்தாள் என்பார்கள். அவள் ராசி என்பார்கள். இத்தகைய நோயில் மரபணு ஒன்று தகப்பனிடமிருந்தும் வந்தே தீர வேண்டும். இந்த ஒரு செய்தியையாவது மாமியார்மார்கள் அறிந்தால் எத்தனையோ இளந்தாய்மாரின் கண்ணீர் குறையும்.

யூதர் சமூகம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். நியூயார்க்கைச் சேர்ந்த யோசேப்பு எக்ஸ்டைன் என்னும் யூத குரு, டே-சாக்ஸ் என்ற கொடிய பரம்பரை நோய்க்குத் தம் மக்கள் நால்வரைப் பறிகொடுத்தவர். அவர் 1983-ஆம் ஆண்டில் தோர் யெஷோரிம் என்ற அமைப்பை நிறுவினார். இளைஞர்களின் இரத்தம் சோதிக்கப்படும். அவர்களுக்குப் பெயரின்றி ஓர் எண் மட்டும் தரப்படும். சம்பந்தம் பேசத் தொடங்கும்போது இரு வீட்டாரும் எண்களைத் தெரிவித்தால், பொருந்துமா பொருந்தாதா என்ற விடை மட்டும் வரும். எவர் மீதும் வசை இல்லை. கருவைக் கலைக்கும் பாவத்துக்கும் இடமில்லை.

இங்கே அதைச் செய்ய இயலுமா? எந்த நோய்க்குச் சோதிப்பது என்பதே முதற்கேள்வி. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரைக்கும் தம் குழுவினரோடு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை நோக்கினர். அவற்றுள் 81 குழுக்களில், ஒருசில முன்னோரின் மரபணுக்களே பெருகியிருக்கும் நிலை அந்த யூதரினும் மிகுதியாகக் காணப்பட்டது. நெருங்கிய உறவில் மணக்காவிட்டாலும், நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணந்ததன் விளைவு இது. மைய அரசின் ஜீனோம் இந்தியா திட்டமும் 83 சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபுக்குறிப்பைப் படித்து, 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்கு வழங்கியுள்ளது. போற்றத்தக்க பணி. ஆயினும் அக்கணினியில் உள்ளதைத் தறிக்குழியில் இருப்பவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்க மாவட்ட மருத்துவமனைதோறும் மரபியல் ஆலோசகர் ஒருவரை அமர்த்துவது, என் எண்ணத்தில், அடுத்த பத்தாயிரம் பேரின் மரபுக்குறிப்பைப் படிப்பதினும் முந்த வேண்டிய செலவு.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. சம்பந்தம் பேசுமுன், இரு வீட்டிலும் மூன்று தலைமுறையின் வரலாற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: பிறவிச் செவிடு, மாலைக்கண், சிறுவயதில் காரணம் தெரியாத இறப்பு, அடுத்தடுத்த கருச்சிதைவு. பாட்டிமாரைக் கேட்டால் மறைத்தவையெல்லாம் வெளிவரும். அத்தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். உறவில் ஏற்கெனவே மணந்தவர்கள், குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே அதன் செவித்திறனைச் சோதிக்கக் கேளுங்கள். சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளையை "மெதுவாய்ப் பேசும்" என்று மூன்று ஆண்டு வைத்திருந்தால், செவிக்குள் கருவி பொருத்தியும் மொழி வருவது கடினம். உரிய காலத்தில் பொருத்துவதற்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.