கேரவன் ஓட்ட கார் லைசென்ஸ் போதுமா? எடையைப் பாருங்க... அப்புறம் சாவியைத் தொடுங்க!

சினிமா ஷூட்டிங் நடக்கிற தெருவில் ஓரமாக நிற்கும் கேரவனை எட்டிப் பார்க்காத சென்னைவாசி உண்டா? ஏ.சி., கட்டில், மேக்கப் கண்ணாடி, கழிப்பறை என்று சகல வசதியும் உள்ள அந்த வண்டி இப்போது நட்சத்திரங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வேனுக்குள் படுக்கையும் சமையல் மேடையும் செய்துகொண்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது.

வண்டி ரெடி. யார் ஓட்டுறது?

"நம்மகிட்டதான் கார் லைசென்ஸ் இருக்கே... 2024-லயே சுப்ரீம் கோர்ட்டு ஓகே சொல்லிடுச்சாமே!" என்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

கோர்ட்டு சொன்னது என்ன?

கார் லைசென்சில் 'எல்.எம்.வி.' என்று இருக்கும். இலகு ரக மோட்டார் வாகனம் என்று அர்த்தம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இதற்கு உச்சவரம்பு 7,500 கிலோ.

இந்த எடைக்குள் இருந்தாலும், வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்குத் தனி அனுமதி வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் பல வருடம் வாதாடின. தேவையில்லை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 3 நீதிபதிகள் அமர்வு சொன்னது. அப்போதும் சண்டை ஓயவில்லை. கடைசியில் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ந்தேதி அதே தீர்ப்பை உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் வாடகை வண்டியையும் ஓட்டலாம். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி, இ-ரிக்ஷா போன்றவற்றுக்கு மட்டும் தனி விதி.

ஆக, 'கேரவன் ஓட்டலாம்' என்று கோர்ட்டு சொல்லவில்லை. '7,500 கிலோ வரை ஓட்டலாம்' என்றுதான் சொன்னது. இந்த வித்தியாசம் புரியாமல் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களுக்குத்தான் சிக்கல்.

எந்த எடை?

வண்டிக்கு இரண்டு எடை உண்டு. ஆளும் சாமானும் இல்லாத வெறும் வண்டியின் எடை ஒன்று. முழு பாரத்தோடு போக அனுமதித்த மொத்த எடை இன்னொன்று. இரண்டுமே ஆர்.சி. புக்கில் இருக்கும்.

வாடகை வண்டிக்கு மொத்த எடைதான் கணக்கு. சொந்த உபயோகத்துக்கான வண்டி சட்டத்தின் பார்வையில் 'மோட்டார் கார்' என்றால் வெறும் எடை கணக்கு. ஆனால் டிரைவரைத் தவிர 6 பேருக்கு மேல் ஏற்றும்படி இருந்தால் அது 'ஆம்னி பஸ்'. நாம் கோயம்பேட்டில் பார்த்த ஆம்னி பஸ் வேறு, சட்டம் சொல்லும் ஆம்னி பஸ் வேறு! அதற்கு மறுபடியும் மொத்த எடைதான். சீட் எண்ணிக்கை மாறினால் கணக்கே மாறிவிடும்.

வேன் சைஸ் கேரவன்கள் பொதுவாக 7,500 கிலோவுக்குள் அடங்கிவிடும். பெரிய பஸ் சேசிசில் கட்டிய கேரவன் அப்படி அல்ல. முழு நீள பஸ் 12 ஆயிரம் கிலோவையே தாண்டும். அது கனரக வாகனம். நம்ம ஊர் பாஷையில் 'ஹெவி'. உள்ளே கட்டில் இருந்தாலும் சரி, பெஞ்சு இருந்தாலும் சரி, அதற்குக் கார் லைசென்ஸ் செல்லாது.

ஹெவி வாங்குவது எப்படி?

காருக்கு 18 வயது போதும். டிரான்ஸ்போர்ட் லைசென்சுக்கு 20 வயது ஆகவேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் வாங்கவே, எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் கட்டாயம். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 8-ம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2019-ல் மத்திய அரசு எடுத்துவிட்டது.

தகுதியில்லாத லைசென்சோடு ஓட்டினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சாவியைக் கொடுத்த ஓனருக்கும் அதே தண்டனை. "மச்சான்தானே, ஓட்டட்டும்னு விட்டேன்" என்பதெல்லாம் எடுபடாது.

அபராதத்தை விடப் பெரிய அடி

5 ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும். விபத்து நடந்தால்? டிரைவருக்கு உரிய லைசென்ஸ் இல்லை என்பது இன்சூரன்ஸ் கம்பெனி கையில் இருக்கும் வலுவான ஆயுதம். அடிபட்டவர் குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை ஓனரிடமே வசூலித்துக்கொள்ள கோர்ட்டு உத்தரவிடுவது வழக்கம். ஒரு உயிரின் நஷ்டஈடு லட்சக்கணக்கில் போகும். ஊர் சுற்ற வாங்கிய வண்டி வீட்டையே விற்க வைத்துவிடும்.

வேனை வாங்கி உள்ளே மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதும் குற்றம். தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர், பேட்டரி, மரவேலை எல்லாமே எடைதான். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ!

சட்டம் சரி, கை பழகியதா?

இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம். சின்னக் காரை ஓட்டிக் காட்டி வாங்கிய லைசென்சை வைத்து 7 டன் வண்டியை ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கிறது. எல்.எம்.வி. டிரைவர்களால்தான் விபத்து அதிகம் என்று காட்ட எந்தப் புள்ளிவிவரமும் தன் முன் வைக்கப்படவில்லை என்று 2024 தீர்ப்பிலேயே கோர்ட்டு சொல்லியிருக்கிறது. லட்சக்கணக்கான வேன் டிரைவர்களின் பிழைப்பைக் காப்பாற்றிய தீர்ப்பு அது. குறை சொல்ல முடியாது.

ஆனால் தினமும் லோடு ஏற்றி ஓட்டிக் கை பழகிய டிரைவர் வேறு, வருடத்துக்கு இரண்டு தடவை கேரவன் எடுக்கும் ஆபீஸ்காரர் வேறு. பிரிட்டனில் முன்பு கார் லைசென்சிலேயே ஏழரை டன் வரை ஓட்டலாம். 1997 ஜனவரி 1 முதல் கார் டெஸ்ட் பாஸ் பண்ணியவர்களுக்கு அதைப் பொதுவாக மூன்றரை டன்னாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு மேல் என்றால் தனி டெஸ்ட்.

நம் ஊரில் அந்தத் தனி டெஸ்ட் இல்லை. அதனால் பொறுப்பு நம் தலையில்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. உயரமான வண்டி அங்கே எப்படிச் சாயும், இறக்கத்தில் பிரேக் எப்படிச் சூடாகும், பின்சக்கரம் எங்கே ஏறும் என்பதெல்லாம் காரில் கற்றுக்கொள்ள முடியாத பாடம்.

எனவே கிளம்பும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஆர்.சி. புக்கில் எடையையும் சீட் கணக்கையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். லைசென்ஸ் சரியாக இருந்தாலும், பழகிய டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து காலி ரோட்டில் நாலு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அது முடியாதா? ஹெவி டிரைவர் ஒருவருக்கு பேட்டா கொடுத்து கூட்டிப் போங்கள். பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மலையை ரசிக்கலாம். கேரவன் வாங்கியதே அதுக்குத்தானே!