வாசனை வந்தால் வீடு சுத்தமா?

நம்ம வீடுகளில் ஒரு விநோதமான நம்பிக்கை உண்டு. ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தால் வீடு சுத்தம். இல்லையென்றால் "இன்னைக்குத் துடைக்கலையா?" என்று கேள்வி வரும். என்னைக் கேட்டால், அழுக்கை எடுப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. முதல் வேலையைச் செய்யாமல் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினால், அது அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்து போகும்.

தரையைத் தினமும் கிருமிநாசினியில் குளிப்பாட்ட வேண்டியதில்லை மக்களே. பெருக்கி, சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். ஆனால் அடுப்பு மேடை துடைக்கிற அந்த ஈரத்துணி இருக்கே! கோழி வெட்டிய பலகை, மேடை, அப்புறம் சாப்பிடும் தட்டு, எல்லாவற்றுக்கும் அதே துணி. தரையைவிட அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். தினமும் ஐந்து நிமிடம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்தால் வேலை முடிந்தது. செலவு? கொஞ்சம் கேஸ், அவ்வளவுதான்.

மருந்து வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்: கழிப்பறை, அதன் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, கறி மீன் வெட்டும் இடம். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சின்ன ஸ்பூனில் தலைதட்டி ஒரு ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடர் கலந்து தடவி, பத்து நிமிடம் விட வேண்டும். ஊற்றிய கையோடு கழுவி விடுவதென்றால் வெறும் தண்ணீரே ஊற்றலாம் :-) அன்றன்றைக்குக் கலப்பது நல்லது. திறந்து கிடக்கும் பவுடருக்கு வீரியம் போய்விடும்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். பாத்ரூம் கறை போகவில்லையென்று ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுகிறார்கள். டபுள் பவராம்! அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்துப் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும் ஆசிட்தான் இருக்கிறது, அதனால் அவற்றோடும் சேர்க்கக் கூடாது. ஒன்றைப் போட்டால் நன்றாகக் கழுவிவிட்டு, மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னல் இல்லாத அந்தப் பாத்ரூமுக்குள் நின்று இருமுவது யார்? அம்மா, இல்லையென்றால் வேலைக்கு வரும் அக்கா. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பெயர்கூட ஒட்டாத ஆசிட்டை அவர் கையில் கொடுப்பது நாம்தானே? நாளைக்கு அவர் வந்ததும், ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது என்று வாயால் சொல்லுங்கள். லேபிளில் அச்சடித்திருப்பது அவர் படிக்கும் மொழியில் இருக்காது.