துடுப்பு வலித்தோர் எங்கே?

கொரியத் தளபதி யி சுன்சின் 1597இல் மியோங்ரியாங் நீரிணையில் யப்பானியக் கடற்படையை முறியடித்த வரலாற்றை 2014இல் இயக்குநர் கிம் ஹன்மின் திரைப்படமாக்கினார். தென்கொரியாவில் 1 கோடி 70 இலட்சம் பேருக்கு மேல் திரையரங்கு சென்று கண்ட படம் அது. அதனைக் கண்டு வியந்த நம்மவருட் சிலர், புத்தளக் கரைக்கும் இத்தகையதொரு வீரகாவியம் வேண்டுமென்கின்றனர். அதற்குரிய கதை ‘முக்கர ஹட்டன’ என்னும் சிங்கள ஏட்டில் உண்டெனவும் சுட்டுகின்றனர். இவ்வேட்கையை நாம் மறுக்கின்றோம்.

கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு தமிழகத்திலிருந்து வீரர்களை வரவழைத்துப் புத்தளத்து முக்குவரை வென்றான் என்பதும், வந்தவருள் மாணிக்கத் தலைவன் போரில் மாண்டான் என்பதும் அவ்வேட்டின் கூற்று. அது வென்றோர் தரப்பின் ஏடு. தோற்றோரின் குரல் அதில் இல்லை. அதனை அப்படியே திரையிலேற்றின் பழைய சாதிப் பகை புதுமெருகு பெறுவதன்றி வேறென்ன விளையும்? யி சுன்சினோ போர்க்கால நாட்குறிப்பொன்றை விட்டுச் சென்றார். தாயையும் மகனையும் இழந்த துயர் அதிலுண்டு. தளபதியை மனிதனாகக் காட்ட அத்தகைய சான்று வேண்டும். நம்மிடம் அஃது உளதா?

போரொன்றே இக்கரையின் வரலாறுமன்று. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய துறை புத்தளமென்பர் அறிஞர். அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவன். முத்துக்களை வழங்கி, பாவா ஆதம் மலைக்குச் செல்ல வழித்துணையும் அளித்தான். வாளேந்திய நாயகனைத் தேடுவோர் கண்ணில் இவ்விருந்தோம்பல் படுவதில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரவர் தஞ்சம் புகுந்ததும் இக்கரையிலேதான். படைத்தலைமையைக் கேள்வியின்றி வழிபட்ட காலத்தின் விளைவு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசைகளாக வரிசையிட்டு நின்றது. அம்மண்ணில் நின்றுகொண்டு இன்னுமொரு தளபதியைத் தேடுதல் தகுமா?

அக்கொரியப் படத்திலேயே நம்மவர் கருதாது விட்ட காட்சியொன்று உண்டு. போர் ஓய்ந்தபின், கப்பலின் கீழ்த்தளத்தில் துடுப்பு வலித்தோர், தாம் பட்ட பாட்டைச் சந்ததியார் அறிவரோ என வினவுகின்றனர். நாம் கடன் வாங்கத் தக்கது அவ்வினா ஒன்றே. உப்பளத்தில் உழைத்தோர், வலை இழுத்தோர், ஒரே பையுடன் வந்திறங்கிய தாய்மார் ஆகியோரின் சொற்களை அவர்கள் வாழும் நாளிலேயே எழுதி வைப்போம். பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்க்கு இதனினும் உரிய பணி வேறில்லை. படம் அதன் பின்னர் வரட்டும்.