கோதை இருந்தாள் என்பதில் நாத்திகனுக்கு என்ன நஷ்டம்?

ஆண்டாள் என்று ஒருத்தி இருந்ததே இல்லை, பெரியாழ்வார் பெண் குரலில் பாடிய பாட்டுகளுக்குத் தாமே வைத்த பெயர்தான் கோதை என்று ஒரு வாதம் நெடுநாளாக உலவுகிறது. 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி வாசித்த கட்டுரையை ஒட்டிப் பெரிய சர்ச்சை வெடித்தது. அந்தச் சண்டை ஆண்டாளின் குலத்தையும் பிறப்பையும் பற்றியது. ஆனால் அதன் ஓரமாக இந்தப் பழைய வாதமும் புதுத் தெம்போடு கிளம்பியது. ‘ஆண்டாளே கற்பனை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்டார்கள்.

எங்கள் பக்கம் என்று சொன்னேன். நான் கடவுள் மறுப்பாளன். ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசியடியில் குழந்தை கிடைத்தது என்பதையோ, அது வளர்ந்து திருவரங்கத்தில் அரங்கனோடு கலந்தது என்பதையோ நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஊரில் கோதை என்றொரு பெண் இருந்தாள், 173 பாட்டுகள் பாடினாள் என்பதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், இதே காரணங்களை ஐரோப்பாவில் இயேசுவைப் பற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள் என்பதும், அங்கே அவை எப்படித் தோற்றன என்பதும் தெரியவரும்.

முதலில் சொல்லப்படுவது கல்வெட்டு. அவள் காலத்துக் கல்வெட்டு ஒன்றிலும் பெயர் இல்லையாம். சரி, அந்தக் காலத்துக் கல்வெட்டு எதைப் பேசும்? இன்னார் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்தார், அவை ‘சாவா மூவாப் பேராடு’, நெய் இத்தனை நாழி அளக்க வேண்டும், நிலத்துக்குக் கிழக்கெல்லை இந்த வாய்க்கால் என்று பேசும். கொடுத்தவன், வாங்கியவன், சாட்சி ஆகியோரின் பெயர் இருக்கும். பாட்டுப் பாடிய பெண்ணின் பெயரை எவன் எதற்குக் கல்லில் வெட்டப் போகிறான்? யூதேயாவைப் பத்து வருடம் ஆண்ட ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லே 1961இல்தான் செசரியாவில் அகப்பட்டது. ஆளுநருக்கே ஒரு கல் என்றால் கலிலேயாவின் தச்சனுக்கு எத்தனை கல் எதிர்பார்க்கலாம்? அப்படியும் இயேசு இறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குள் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் 93, 94 வாக்கில் எழுதிய நூலில் இயேசுவின் சகோதரன் யாக்கோபு கொல்லப்பட்டதைச் சொல்கிறார். இன்னோரிடத்தில் இயேசுவைப் பற்றியே வரும் பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஒப்புகிறார்கள். 116 வாக்கில் எழுதிய தாசிதஸுக்குக் கிறிஸ்தவர்கள் மேல் வெறுப்பு. அவர் பிலாத்து கொடுத்த மரண தண்டனையைக் குறிப்பிடுகிறார்.

கல்வெட்டு இல்லாதவர் எல்லாம் கற்பனை என்பது விதியானால், அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். திருவள்ளுவரின் பெயர் குறளில் ஒரு இடத்தில்கூடக் கிடையாது. அவர் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை. ஆனாலும் கி.மு. 31 என்று ஆண்டு குறித்து அரசு நாட்காட்டியில் போடுகிறோம், குமரிக் கடலில் 133 அடிச் சிலை நிற்கிறது. நானும் அதைப் பெருமையாகத்தான் பார்க்கிறேன். தன் பெயரையே நூலில் சொல்லாதவரை ஏற்றுக்கொண்டு, பதிகங்களின் முடிவில் பெயரும் ஊரும் அப்பன் பெயரும் சொன்னவளை இல்லை என்பது பகுத்தறிவுக் கணக்கில் எப்படி நேராகும்?

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது, இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். ஆண் பெண்ணாகப் பாடுவது தமிழ் மரபு. சங்க அகப்பாட்டில் தலைவி பேசுவதை ஆண் புலவர்கள்தான் பெரும்பாலும் எழுதினார்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். பெரியாழ்வார் யசோதையாகப் பாடினார், அவரே ஏன் காதலியாகவும் பாடியிருக்கக் கூடாது?

பாடியிருக்கலாம். ஆனால் அந்த மரபில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். நம்மாழ்வார் எவ்வளவு உருகிப் பெண்ணாகப் புலம்பினாலும் பதிகக் கடைசியில் ‘குருகூர்ச் சடகோபன்’ என்று தம் பெயரைப் போட்டுவிடுவார். திருமங்கையார் ‘கலியன்’ என்பார். பெரியாழ்வாரும் யசோதையாகத் தாலாட்டி, கொஞ்சி, அடிக்கக் கோலெடுத்து, எல்லாம் முடிந்ததும் ‘விட்டுசித்தன்’ என்று கையெழுத்திடுவார். வேஷம் பாட்டுக்குள்ளே, பெயர் வெளியே. இந்த வழக்கத்தை மீறி ஒருவர் மகளாகப் பெயர் வைத்து, அந்தப் பெயரில் தனி நூல்கள் செய்து, தம் 473 பாட்டுகளில் ஒன்றிலும் அந்தப் பெயரைக் கலக்காமல் காத்தார் என்று சொல்ல வேண்டுமானால், அதற்குச் சான்று காட்டும் பொறுப்பு சொல்பவருடையது.

நாச்சியார் திருமொழியில் 14 பதிகங்கள். பன்னிரண்டின் முடிவில் கோதை தன் பெயரைச் சொல்கிறாள். பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் மட்டும் சொல்வதில்லை. அங்கே அவள் அப்பாவைப் பற்றிப் பேசுகிறாள். பத்தாவதன் கடைசிப் பாட்டில் தோழியிடம், நாமோ எளிய மனிதர், நாம் என்ன செய்ய முடியும், விட்டுசித்தர் தம்முடைய தெய்வத்தை எப்படியாவது வரவழைத்தால் அப்போது பார்ப்போம் என்கிற பொருளில் பேசுகிறாள். பதினொன்றாவதன் கடைசியில், அரங்கர் சொன்ன வார்த்தையை விட்டுசித்தர் கேட்டிருப்பாரே, அந்த வார்த்தையை அரங்கரே காப்பாற்றாவிட்டால் வேறு யார் என்ன செய்வது என்று வருகிறது. தம்மைப் பற்றி எழுதும்போது ‘விட்டுசித்தன்’ என்று ‘ன்’ விகுதியில் நிறுத்திக்கொள்பவர், இங்கே ‘விட்டுசித்தர்’ என்று மரியாதைப் பன்மையில் வருகிறார். கூடவே அவருடைய பக்தியின் மேல் மெல்லிய கேலியும் இருக்கிறது. அப்பாவின் சாமி அப்பா கூப்பிட்டால்தான் வரும்போல என்று அலுத்துக்கொள்ளும் மகளின் தொனி அது. மகளுக்காக இப்படியெல்லாம் யோசித்து எழுதக்கூடிய நாடகக் கவிஞர் ஒருவர் ஒன்பதாம் நூற்றாண்டு வில்லிபுத்தூரில் இருந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மகள் எழுதினாள் என்பது அதைவிட எளிய விடை.

இன்னொன்றும் உண்டு. விஷ்ணு பக்தர் ஒருவர் தம் பெயர் விளங்க ஒரு மகளைக் கற்பனை செய்கிறார் என்றால், அந்த மகளைக் கொண்டுபோய்க் காமதேவன் காலில் விழ வைப்பாரா? நாச்சியார் திருமொழி தொடங்குவதே காமனுக்கு நோன்பு நோற்பதில். பின்னால் வரும் பதிகங்களில் உடலின் ஏக்கம் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. வைணவ உரையாசிரியர்கள் காமன் விஷயத்துக்குச் சமாதானம் சொல்லப் பட்ட பாடு உரைகளில் தெரியும். இன்றும் திருப்பாவை மார்கழியில் தெருவெல்லாம் ஒலிக்கிறது, நாச்சியார் திருமொழியில் கல்யாணக் கனவுப் பதிகம்தான் கல்யாண வீடுகளில் கேட்கிறது, மற்றதை வீட்டில் உரக்கப் பாடுவது குறைவு. சமயத்துக்குச் சங்கடமாக இருப்பதை அந்தச் சமயத்தார் தாமாக உண்டாக்குவது அரிது. இயேசு ஆய்விலும் இதே அளவுகோல் உண்டு. ரோமானியரால் குற்றவாளியாகச் சிலுவையில் அறையப்பட்ட மேசியாவை எந்த யூதனும் ஆசைப்பட்டுக் கற்பனை செய்திருக்க மாட்டான். யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றதும் அப்படித்தான், பாவமற்றவருக்குப் பாவம் கழுவும் சடங்கு எதற்கு என்ற கேள்வியைச் சமாளிக்கச் சுவிசேஷக்காரர்கள் தடுமாறியிருக்கிறார்கள்.

மூன்றாவது: கதை முழுக்க அற்புதம், ஆகவே ஆளும் கற்பனை. துளசியடிக் குழந்தை சீதையின் நகல், உழுசாலில் கிடைத்தவளின் மறுபதிப்பு என்பார்கள். நகலாகவே இருக்கட்டும். ஆனால் துளசிக் கதையும் அரங்கனோடு கலந்த கதையும் ஆண்டாளின் பாட்டில் எங்கே இருக்கின்றன? எங்கும் இல்லை. அவை பின்னால் வந்த குருபரம்பரை நூல்களின் சரக்கு. மாலை சூடிக்கொடுத்த செய்தி மட்டும் சற்று முந்தியது, நாதமுனியின் சீடர் உய்யக்கொண்டார் திருப்பாவைக்குச் செய்த தனியனில் இருக்கிறது. அந்தத் தனியன் ஆண்டாளைத் தனி ஆளாகவே அறிந்து பேசுகிறது, பெரியாழ்வாரின் புனைபெயராக அல்ல. அவள் காலத்துக்கு ஓரிரு நூற்றாண்டுக்குள் வாழ்ந்தவர், அதுவும் பாசுரங்களைத் தொகுத்தவரின் நேர்ச்சீடர் சொன்னது இது.

பாட்டைத் தனியாகவும் பின்னாள் கதையைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொண்டால் மனுஷி மிஞ்சுகிறாள். கிறிஸ்தவ மூல நூல்களிலும் காலவரிசைப்படி அடுக்கினால் இதேதான். பவுலின் கடிதங்களில் கன்னிப் பிறப்பு இல்லை. முதலில் எழுதப்பட்ட மாற்கு சுவிசேஷத்தில் பிறப்புக் கதையே இல்லை. மத்தேயுவும் லூக்காவும்தான் அதைச் சேர்க்கிறார்கள். பவுலோ கலாத்தியருக்கு எழுதும்போது, எருசலேமில் இயேசுவின் சகோதரன் யாக்கோபைப் பார்த்தேன் என்று போகிறபோக்கில் சொல்கிறார். இல்லாத ஆளுக்குத் தம்பி இருக்க முடியாது.

பக்தர்கள் கொண்டுவரும் நிரூபணங்களையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாக வரும் குறிப்பை வைத்து மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று கணித்தார். அந்தக் கோள்நிலை பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வரும், அதனால் வேறு ஆண்டு சொன்னவர்களும் உண்டு. அது விடியற்காலை வருணனையே தவிரப் பஞ்சாங்கக் குறிப்பு என்று எடுக்க வேண்டியதில்லை. அதேபோல் ஒரே மகளைத் திருமகளாய் வளர்த்தேன், செங்கண்மால் கொண்டுபோனான் என்று பெரியாழ்வார் பாடும் பதிகத்தையும் தகப்பனின் வாக்குமூலமாகக் காட்டுவார்கள். அது தாய் குரலில், மகளை உடன்போக்கில் பறிகொடுத்த அகத்துறையில் அமைந்தது. அதை நான் சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். பெரியாழ்வாரின் காலத்துக்கு நம்பத்தக்க பிடி, அவர் பெயர் சொல்லும் பாண்டியன் நெடுமாறனும் திருக்கோட்டியூர்ச் செல்வனும்தான்.

நான்காவது வாதம், ராஜாஜி சொன்னார் என்பது. ஆண்டாள் பெரியாழ்வாரின் படைப்பு என்று அவர் எழுதியதாக மேற்கோள் காட்டுகிறார்கள். ராஜாஜியின் வேறு எந்தக் கருத்தையும் ஏற்காதவர்கள் இந்த ஒன்றை மட்டும் வேதவாக்காக எடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் ஆத்திகர், அவருக்கு இது இலக்கிய ரசனை சார்ந்த ஊகமாக இருந்திருக்கும். ரஸ்ஸல் கதையும் இதுதான். ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்று 1927இல் லண்டனில் பேசியபோது, கிறிஸ்து இருந்தாரா என்பதே சந்தேகம்தான் என்று சொன்னார். உடனே அந்தக் கேள்வி கஷ்டமானது, அது எனக்கு வேண்டாம், சுவிசேஷத்தில் உள்ளபடியே கிறிஸ்துவை எடுத்துக்கொள்கிறேன் என்று அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தம் வாதத்தைக் கட்டினார். குத்தூசி குருசாமியின் தமிழ் வழியாக அந்தப் பேச்சைப் படித்து வளர்ந்த எங்கள் பகுத்தறிவு இயக்கத்தில், தள்ளிவைத்த பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பலர்.

கடைசியாக, வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம். ஆண்டாள் இருந்தாள் என்று ஒப்புக்கொண்டால் பக்தர்களுக்குப் பாதி இடம் கொடுத்ததாகிவிடாதா? ஆகாது. பார்ட் எர்மன் கடவுள் நம்பிக்கையை விட்டவர். புதிய ஏற்பாட்டுக்குள் எத்தனை இடைச்செருகல், எத்தனை முரண் என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர். அவரே 2012இல், இயேசு என்ற யூதப் போதகர் இருந்தார் என்று நிறுவ ஒரு முழு நூல் எழுதினார். மதம் சாராத மாரிஸ் கேசி 2014இல் இன்னும் காரமாக அதையே செய்தார். 1909இல் ஆர்தர் துரூஸ் ஜெர்மனியில் கிறிஸ்து வெறும் தொன்மம் என்று எழுதிப் பரபரப்பாக்கியதிலிருந்து அந்தக் கட்சி இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடையே அதற்கு ஆள் சேரவில்லை. எர்மனின் கடவுள் மறுப்புக்கு இதனால் ஒரு கீறலும் விழவில்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை மறுக்க, இயேசு பிறக்கவே இல்லை என்று வாதிட வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

நம் ஊரில் ஆண்டாள் கற்பனை என்ற வாதத்தின் கேடு வேறு. ஆண்டாளைப் பூமாதேவியின் அவதாரம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெண் யாரிடம் இவ்வளவு தமிழ் படித்தாள், சங்க அகமும் பாவை நோன்பும் அவளுக்கு எந்த வழியில் வந்தன, மனிதனுக்கு என்னைப் பேசினால் உயிர் வாழ மாட்டேன் என்று அவள் சொன்னபோது அக்ரகாரத்தில் என்ன நடந்திருக்கும், அரங்கத்துக்கு அவள் உண்மையில் போனாளா, போனபின் என்ன ஆனாள் என்றெல்லாம் கேட்க முடியாது. அவதாரத்துக்கு இந்தக் கேள்விகள் பொருந்தா. பெரியாழ்வாரின் கற்பனை என்று வைத்துக்கொண்டாலும் கேட்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் தமிழில் தன் ஆசையைத் தன் பெயர் போட்டுச் சொன்ன ஒரு பெண்ணிடமிருந்து பாட்டைப் பிடுங்கி அவளுடைய அப்பாவின் கணக்கில் எழுதும் வேலையை, பெண்ணுரிமை பேசும் இயக்கத்தின் பிள்ளைகளாகிய நாம் செய்துகொண்டிருக்கிறோம்.