ரூ.1 லட்சம் கோடிக்கு கைமாறும் ‘கன்ஃப்ளூயன்ட்’: மெசேஜ் புரோக்கர் என்றால் என்ன? இலவச மென்பொருளுக்கு ஏன் இவ்வளவு விலை?

அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம், ‘கன்ஃப்ளூயன்ட்’ என்ற நிறுவனத்தை 1,100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 டிசம்பர் 8-ம் தேதி அறிவித்தது. ஒரு பங்குக்கு 31 டாலர், முழுக்க ரொக்கம். நம்ம ஊர் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி ரூபாய்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கன்ஃப்ளூயன்ட்டின் தொழிலுக்கே அடிப்படையான ‘ஆப்பச்சி காஃப்கா’ மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து, தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஏன் இத்தனை கோடி?

புரோக்கருக்கு இங்கே என்ன வேலை?

காஃப்கா போன்றவற்றை ‘மெசேஜ் புரோக்கர்’ என்பார்கள். வீட்டு புரோக்கர் மாதிரி கமிஷன் கேட்கிற ஆள் இல்லை. இது லாரி சர்வீஸின் பார்சல் ஆபீஸ் மாதிரி.

போனில் ஒரு பொருளை ஆர்டர் செய்கிறீர்கள். பணம் எடுப்பது ஒரு மென்பொருள், எஸ்எம்எஸ் அனுப்புவது இன்னொன்று, கடைக்காரருக்குச் சொல்வது வேறொன்று. இவை ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிட்டால், எஸ்எம்எஸ் மென்பொருள் பத்து நிமிடம் படுத்துவிட்டாலே பணம் எடுக்கும் வேலையும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

நடுவில் புரோக்கர் இருந்தால் கதை வேறு. ‘இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது’ என்ற தகவலை அதனிடம் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். எடுக்க வேண்டியவர் எழுந்து வந்ததும் எடுத்துக்கொள்வார்.

இதிலும் இரண்டு ரகம் உண்டு. ‘ரேபிட்எம்க்யூ’வின் வழக்கமான வரிசை அசல் பார்சல் ஆபீஸ்தான்: சரக்கை வாங்கியவர் ‘வந்து சேர்ந்தது’ என்று கையெழுத்துப் போட்டால் அது அங்கிருந்து நீங்கிவிடும். காஃப்கா ஒரு பேரேடு. எழுதியது எழுதியபடி இருக்கும். படிக்க வருபவர்கள் எந்தப் பக்கம் வரை படித்தோம் என்று தனித்தனியாகக் குறித்துவைத்துக்கொள்வார்கள். ஒரே தகவலைப் பத்துப் பேர் படிக்கலாம், நேற்று நடந்ததை இன்று திரும்பவும் படிக்கலாம்.

லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நார்க்கடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கிய இந்த மென்பொருள், 2011-ல் பொதுவெளியில் திறந்துவிடப்பட்டது. எழுதுவதற்கென்றே செய்த மென்பொருளாயிற்றே, ஓர் எழுத்தாளர் பெயரே இருக்கட்டும் என்று ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரை வைத்தார் கிரெப்ஸ். பெயர்ப் பொருத்தம், ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்! மூவரும் 2014-ல் தொடங்கியதுதான் கன்ஃப்ளூயன்ட்.

நிறுவுவது எளிது, ஓட்டுவதுதான் கஷ்டம்

லேப்டாப்பில் ஒரு காஃப்காவை ஓடவைக்கச் சில நிமிடங்கள் போதும். நிஜமான வியாபாரத்துக்கு அது போதாது. அந்த ஒரு மெஷின் நின்றால் எல்லாமே நிற்கும். அதனால் குறைந்தது மூன்று மெஷின்கள் வைத்து, ஒவ்வொரு தகவலையும் மூன்று பிரதி எடுப்பது வழக்கம். குறைந்தது இரண்டில் எழுதப்பட்ட பிறகே ‘ரசீது’ தரும்படி அமைப்பார்கள். ஏன் இரண்டோ நான்கோ இல்லாமல் மூன்று? யார் தலைமை என்பதை மெஷின்கள் பெரும்பான்மை ஓட்டில் முடிவு செய்கின்றன. மூன்றில் ஒன்று போனாலும் பெரும்பான்மை உண்டு, இரண்டில் ஒன்று போனால் இல்லை. நான்கு வைத்தாலும் ஒன்று போவதைத்தான் தாங்கும், செலவு மட்டும் கூடும்.

அடுத்தது இடம். மாற்றாமல் விட்டால் காஃப்கா 7 நாள் தகவலை வைத்திருக்கும். பண்டிகை விற்பனையில் வரத்து பல மடங்கானால், அதே 7 நாளுக்கு டிஸ்க் போதாமல் போகலாம். அதற்காக நாளைக் குறைத்தால், படிக்க வேண்டிய மென்பொருள் பின்தங்கி வருவதற்குள் தகவல் அழிந்திருக்கும். ரேபிட்எம்க்யூ இதில் கறார்: மெமரியோ டிஸ்க்கோ எல்லையைத் தொட்டால், அனுப்புபவர்களையே நிறுத்திவைத்துவிடும்.

நம் பாக்கெட்டைத் தொடும் சிக்கல் இன்னொன்று. ரசீது வழியில் தொலைந்தால், அனுப்பியவர் ‘போய்ச் சேரவில்லை போல’ என்று அதே தகவலை மறுபடி அனுப்புவார். வாங்கும் மென்பொருள் ‘இந்த எண்ணை ஏற்கெனவே பார்த்தாச்சு’ என்று சொல்லத் தெரியாததாக இருந்தால், ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் எடுக்கப்படும். புரோக்கரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதைச் சுற்றி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மேம்படுத்துவதும் லேசில்லை. காஃப்கா மெஷின்களை ஒருங்கிணைக்க ‘ஜூகீப்பர்’ என்ற தனி மென்பொருள் பல ஆண்டுகளாக உடன் இருந்தது. 2025 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். பழைய அமைப்பில் இருப்பவர்கள் நேராக 4.0-க்குத் தாவ முடியாது. முதலில் 3.9 போன்ற ஓர் இடைப்பட்ட பதிப்புக்கு வந்து, புதிய முறைக்கு மாறி, அப்புறம்தான் போக வேண்டும். இதெல்லாம் ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கும்போதே! இந்தத் தலைவலியை ‘நாங்க பார்த்துக்கறோம்’ என்று சொல்வதுதான் கன்ஃப்ளூயன்ட்டின் வியாபாரம். ஐபிஎம் விலை கொடுப்பதும் அதற்குத்தான்.

கதவைத் திறந்துவைத்தால்?

இதே வகையைச் சேர்ந்த ‘ஆக்டிவ்எம்க்யூ’வில் 2023 அக்டோபரில் ஓர் ஓட்டை வெளியானது. ஆபத்து அளவு 10-க்கு 10. பாஸ்வேர்டே இல்லாமல், 61616 என்ற போர்ட் வழியாக வெளியாள் அந்த சர்வரில் கட்டளைகளை ஓட்ட முடிந்தது. திருத்தப்பட்ட பதிப்பு உடனே வந்தும், அதற்கு மாறாமல் இணையத்தில் திறந்துகிடந்த சர்வர்கள் 3,000-க்கும் மேல். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, தகவல்களைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ‘ஹலோகிட்டி’ ரக ரேன்சம்வேரை இறக்க முயற்சிகள் நடந்தன.

புரோக்கருக்குப் பொது இணையத்தில் வேலையே இல்லை. நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கில், ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்க வேண்டியது அது. ரேபிட்எம்க்யூவில் ‘கெஸ்ட்’ என்ற பெயரும் அதே பாஸ்வேர்டும் கூடவே வரும். அது அந்த மெஷினுக்குள்ளிருந்து மட்டுமே வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருந்தாலும், அவசரத்தில் அந்தப் பூட்டைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு.

இனி காஃப்காவுக்குக் காசு கேட்பார்களா?

இல்லை. காஃப்காவின் பெயரும் திட்டமும் ஆப்பச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் உள்ளன. ஐபிஎம் வாங்குவது கன்ஃப்ளூயன்ட்டை, காஃப்காவை அல்ல. ஏற்கெனவே வெளியிட்ட நிரலைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது.

ஆனாலும் கவலைப்படுபவர்களிடம் காரணம் இருக்கிறது. ஐபிஎம் 2019-ல் வாங்கிய ரெட் ஹேட், 2023 ஜூனில் தன் லினக்ஸின் மூல நிரலைப் பொதுவில் வைக்கும் முறையைச் சுருக்கியது, பெரிய சண்டையானது. கன்ஃப்ளூயன்ட்டும் 2018-லேயே தன்னுடைய சில துணைக் கருவிகளின் உரிமத்தை இறுக்கியது. போட்டி கிளவுட் சேவையாக அவற்றை விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. காஃப்காவுக்கு நிரல் எழுதுபவர்களில் கணிசமானவர்கள் கன்ஃப்ளூயன்ட் ஊழியர்கள். அவர்களின் நேரத்தை ஐபிஎம் எதற்குச் செலவிடச் சொல்கிறது என்பதுதான் உண்மையில் பார்க்க வேண்டியது.

இன்னொரு வேடிக்கை: ஐபிஎம் இந்தத் தொழிலுக்குப் புதுசு இல்லை. வங்கிகள் பயன்படுத்தும் அதன் ‘எம்க்யூ’ 1993-ல் வந்தது. கன்ஃப்ளூயன்ட் ஒப்பந்தம் 2026 நடுப்பகுதிக்குள் முடியும் என்று அறிவிப்பின்போது கூறப்பட்டது.