ஆற்றோரம் வந்த காட்டு வாத்து: விரட்டலாமா, விடலாமா?

ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு மீஞ்சூர் பக்கம் குத்தகைக்கு நெல் வைக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. வயலுக்குப் போக அவர் தினமும் நடப்பது கொசஸ்தலை ஆற்றங்கரை. மார்கழிக் கடைசியில் ஒருநாள் தண்ணீரோரம் ஏழு பெரிய வாத்துகளைப் பார்த்திருக்கிறார். சாம்பல் உடல், வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. யாரோ வளர்ப்பவை என்று நினைத்து நெருங்கியதும் கத்திக்கொண்டு பறந்துவிட்டன. நவரை நாற்றங்காலைத் தின்றுவிடுமா, வீட்டு வாத்துகளுக்கு நோய் வருமா என்று கேட்கிறார்.

பதில்: சொல்லியிருக்கும் அடையாளங்கள் வரித்தலை வாத்துக்கு உரியவை. மங்கோலியா, திபெத், லடாக் பகுதி ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தெற்கே வரும் பறவை இது. இமயமலையைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது கருவி பொருத்திப் பதிவு செய்யப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளமும் அரியலூர் மாவட்டம் கரைவெட்டியும் இதற்குப் பேர்போன இடங்கள். வெயில் ஏறும் முன் திரும்பிவிடும்.

இதன் உணவு புல், இளந்தளிர், அறுவடை வயலில் சிந்திய நெல். பகலில் தண்ணீரில் ஓய்வெடுத்து, பெரும்பாலும் இருட்டிய பிறகு மேயும். சம்பா அறுத்த தாளடியில் மேய்ந்தால் நஷ்டமில்லை, எச்சம் உரமாகும். கூந்தன்குளத்தில் பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை விவசாயிகள் வயலுக்கு அடிக்கிறார்கள்.

நாற்றங்காலுக்கு மட்டும் காவல் தேவை. சுற்றிலும் குச்சி நட்டு, பளபளக்கும் நாடாவை முழங்கால் உயரத்தில் கட்டலாம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு சுற்று நடந்து வந்தாலே வேறு இடம் பார்க்கும். பயிர் வேர் பிடித்ததும் நாடாவை அவிழ்த்துவிடலாம்.

குருணை மருந்து கலந்த நெல்லை வரப்பில் தூவுவது கூடவே கூடாது. செத்த பறவையைத் தின்னும் நாயும் சாகும். கறியாக வாங்கிச் சாப்பிடும் மனிதருக்கும் ஆபத்து. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவையைக் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நோய் பற்றிய கவலை நியாயமானது. 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் இறந்தன. அவற்றில் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். அதற்காக வரும் பறவையெல்லாம் நோயோடு வருவதாக அர்த்தமில்லை. அவை இருக்கும்வரை வீட்டு வாத்துகளை அதே தண்ணீரில் விடாமல், கொட்டகையில் தீவனமும் தண்ணீரும் வைக்க வேண்டும். ஆற்றோரம் மிதித்த செருப்போடு கொட்டகைக்குள் போகக் கூடாது. வாத்துகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல், விற்காமல், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது எண்ணூர் கழிமுகத்தில் கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்துப்போனது பலருக்கும் நினைவிருக்கும். இறகில் எண்ணெய் ஒட்டிய பறவையோ பறக்க முடியாமல் கிடக்கும் பறவையோ கண்ணில் பட்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுக்கலாம். அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வயலுக்கும் மாட்டுக்கும் அது முதல் எச்சரிக்கை.